தேர்த்திருவிழாக் கடைகளின் பொருளியல்

வில்லியனூரில் வைகாசிப் பெருவிழாவுக்குக் கொடி ஏறியதுமே மாட வீதிகளில் மூங்கில் கழிகள் நடப்படத் தொடங்கிவிடும். தேரோட்டத்தன்று திருக்காமீஸ்வரர் கோயிலைச் சுற்றிப் பொரிக்கடையும் பஜ்ஜிக்கடையும் அல்வாக்கடையும் வரிசை கட்டி நிற்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம்பிடித்துத் தேரோட்டத்தைத் தொடங்கிவைத்த மரபு இங்கு உண்டு. இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அந்த மரபைத் தொடர்கிறார்கள். வடம்பிடிக்கும் காட்சி ஆண்டுதோறும் செய்தியாகிறது. தேரைச் சுற்றிச் சில நாள்கள் மட்டும் தோன்றி மறையும் உணவுச் சந்தையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையிலும், மனைவி, மகன், மருமகள், பேத்தியோடு அந்தக் கடைகளில் வாங்கித் தின்று மகிழ்பவன் என்ற முறையிலும் இந்தச் சந்தை எப்படி இயங்குகிறது என்று விளக்க விரும்புகிறேன். இதில் ரசிக்க நிறைய இருக்கிறது. கவலைப்படவும் சில இருக்கின்றன. திருவிழாக் கடையில் ஒரு குழந்தை தின்னும் பண்டம் பாதுகாப்பானதா, அதை விற்பவர் அன்றிரவு கையில் ஏதேனும் காசோடு ஊர் திரும்புகிறாரா என்ற இரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

நாட்காட்டியே வழித்தடம்

திருவிழாக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் அல்லர். அவர்களுடைய ஆண்டு, ஊர்த் திருவிழாக்களால் ஆனது. மாசி மகத்துக்குச் சங்கராபரணி ஆற்றங்கரையில் திருக்காஞ்சி, சித்திரையில் கூவாகம், வைகாசியில் வில்லியனூர், ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர், ஆகஸ்ட் இறுதியில் கொடியேறும் வேளாங்கண்ணி, கார்த்திகையில் திருவண்ணாமலை. ஈஸ்டருக்குப் பின் வரும் வில்லியனூர் லூர்து அன்னை பெருவிழாவிலும் அதே பொரி, அதே பேரீச்சை, அதே காராச்சேவு. வாணலிக்குச் சமய வேறுபாடு கிடையாது.

ஏன் இவர்கள் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைப்பதில்லை? ஒரு சிற்றூரில் ஓராண்டு முழுவதும் விற்கக்கூடிய அல்வாவின் அளவு, ஓர் அல்வாக்காரரின் குடும்பத்தைக் காப்பாற்றப் போதாது. வாங்குவோரின் தேவை ஒரு குறைந்தபட்ச அளவை எட்டாத இடத்தில் வியாபாரி தாமே நகர்ந்து, பல ஊர்களின் தேவையைத் திரட்டிக்கொள்கிறார். சீனக் கிராமங்களின் முறைச் சந்தைகளை ஆராய்ந்து ஜி. வில்லியம் ஸ்கின்னர் 1964-65ஆம் ஆண்டுகளில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகள் இதைத்தான் விளக்கின. ஐரோப்பாவில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் நடந்த பெருஞ்சந்தைகளும் ஊர் விட்டு ஊர் மாறி ஆண்டு முழுவதும் சுழன்றவையே. நம் ஊர்ச் சந்தைக்கு நாள் குறித்துக் கொடுப்பது பஞ்சாங்கம்.

விளைபொருளின் பருவமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. வைகாசித் தேரில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தையும் நுங்கும் பண்ருட்டிப் பலாச்சுளையும் கிடைக்கும். ஆடியில் அம்மன் கோயில்தோறும் கூழ் ஊற்றுவார்கள். நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூரைப் போன்ற ஏரிப்பாசன ஊர்களைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குப் பொரியும் அவலும் வெளியூர்ப் பண்டங்கள் அல்ல. தம் வயலில் விளைந்ததன் இன்னொரு வடிவம்.

ஒரே தெருவில் ஒரே பண்டம் ஏன்?

தேரடிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பொரிக்கடைகள் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். பஜ்ஜிக்கடைக்குப் பக்கத்தில்தான் இன்னொரு பஜ்ஜிக்கடை இருக்கும். போட்டியாளரிடமிருந்து தள்ளிப் போவதுதானே புத்திசாலித்தனம் என்று என் மகன் ஒருமுறை கேட்டான்.

ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1929இல் இதற்கொரு விடை தந்தார். ஒரு நீண்ட தெருவில் சீராகப் பரவி வாழும் மக்களுக்கு இரண்டு பேர் ஒரே பண்டத்தை விற்கிறார்கள். ஒருவர் ஓரத்தில் இருந்தால், மற்றவர் சற்று நடுப்பக்கம் நகர்ந்து பெரும்பகுதி மக்களைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். இப்படி நகர்ந்து நகர்ந்து இருவரும் தெருவின் நடுவில் அருகருகே வந்து சேர்வார்கள். திருவிழாவில் இன்னொரு காரணமும் உண்டு. பொரி வாங்க வருகிறவர் எந்தக் கடையில் பொரி மொறுமொறுப்பாக இருக்கிறது, எவர் படியை நிறைத்து அளக்கிறார் என்று நான்கடியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அந்த வசதிக்காகவே கூட்டம் அந்த வரிசைக்கு வருகிறது. கூட்டம் வருவதால் தனித்துக் கடை போட எந்த வியாபாரியும் துணிவதில்லை. விலையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. அதன்பின் போட்டி, ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போடுவதில் நடக்கிறது. அந்தக் கொசுறைக் கேட்டு வாங்குவதில் என் மனைவிக்கு நிகரானவரை நான் கண்டதில்லை.

குடும்பமாக உண்பதன் கணக்கு

திருவிழாவில் வயிறு நிறைவதற்காக எவரும் உண்பதில்லை. முறம் அளவு பொரித்து மிளகாய்ப்பொடி தூவித் தரும் ஒரே ஒரு டெல்லி அப்பளத்தை ஐந்து பேர் உடைத்துத் தின்கிறோம். சோளக்கதிரைப் பாதியாக முறிக்கிறோம். வீட்டில் ஆளுக்கொரு தட்டில் பிரிந்து உண்ணும் குடும்பம், இங்கே ஒரே பொட்டலத்தில் கை நீட்டுகிறது. பலர் சேர்ந்து நுகரும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நிறைவு கூடுகிறது என்பதை நுகர்வுக் கோட்பாட்டின் வரைபடங்களில் எளிதாகக் காட்டிவிட முடியாது. ஆனால் திருவிழா இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் திருவிழாக் காசு கொடுக்கும் வழக்கம், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு குழந்தை பெறும் முதல் பயிற்சி. என் பேத்தியிடம் நூறு ரூபாய் கொடுத்தால் அவள் முதலில் கடைத்தெரு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வருவாள். ராட்டினமா, சவ்வு மிட்டாயா, பலூனா? ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும். வாய்ப்புச் செலவு என்ற கருத்தைக் கல்லூரியில் மூன்று வகுப்புகளில் விளக்குவேன். அவளுக்கு அது தேரடியில் அரை மணி நேரத்தில் விளங்கிவிடுகிறது.

வீட்டுக்கு வாங்கிச் செல்லும் பொரி, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழப் பொட்டலம் இன்னொரு வகை. வர முடியாத பாட்டிக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு எதிர்முனையில், காசே வாங்காமல் நீர்மோரும் பானகமும் வழங்கும் பந்தல்கள். சந்தையும் கொடையும் ஒரே தெருவில் எதிரெதிரே இயங்குகின்றன. தாகம் தீர்ந்த கூட்டம் இன்னும் ஒரு மணி நேரம் கடைத்தெருவில் நிற்கும் என்பதால், கொடையால் வணிகத்துக்கும் நன்மையே.

தினமும் கிடைப்பது திருவிழாவில் ஏன்?

முன்பெல்லாம் இனிப்பும் பொரித்த பண்டமும் கிராமத்து வீடுகளில் நாள், கிழமைக்கு மட்டும் உரியவை. தேர்க்கடை அந்தப் பற்றாக்குறையின் மேல் வாழ்ந்தது. நிலைமை இன்று மாறிவிட்டது. வருமானம் உயர உயர உணவுக்குச் செலவிடும் விகிதம் குறையும் என்று எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே கண்டறிந்தார். இந்தியாவின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுகள் அதை மெய்ப்பிக்கின்றன. 1999-2000இல் ஊரகக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 59.40 சதவீதம், 2022-23இல் அது 46.38 சதவீதம். ஆனால் உணவுக்குள்ளேயே ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 2022-23இல் ஊரகக் குடும்பங்கள் தானியங்களுக்குச் செலவிட்டது 4.91 சதவீதம், பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குச் செலவிட்டது 9.62 சதவீதம். அரிசிக்கும் கோதுமைக்கும் ஆகும் செலவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நொறுக்குத் தீனிக்கும் பானத்துக்கும் போகிறது.

அதாவது, திருவிழாத் தீனி இப்போது நாள்தோறும் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்குகிறது. இருந்தும் தேர்க்கடையில் கூட்டம் குறையவில்லை. பண்டத்தின் அருமை குறைந்தாலும், எல்லோரும் ஒரே நாளில் ஒரே தெருவில் கூடும் வாய்ப்பின் அருமை குறையவில்லை. வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் மணமாகிப் போன பெண்களும் திரும்பி வரும் நாள் அது. மக்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தக் கூடலையும் சேர்த்துத்தான்.

இளஞ்சிவப்பு நிறத்தின் விலை

இனி கவலைக்குரிய பகுதிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் புதுச்சேரி அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆய்வில் ரோடமின்-பி என்ற சாயம் கண்டறியப்பட்டதே காரணம். துணி போன்றவற்றுக்கு நிறமேற்றப் பயன்படும் இந்தச் சாயத்துக்கு உணவில் அனுமதியே இல்லை. அதே மாதத்தில் தமிழ்நாடும் தடை விதித்தது. மார்ச் மாதத்தில் கர்நாடகம் செயற்கை நிறமேற்றிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. குழந்தைகள் தின்னும் பண்டத்தில் நச்சுச் சாயத்தை எவ்வகையிலும் ஏற்க முடியாது, தடை சரியானது.

ஆனால், இது ஏன் நேர்ந்தது என்று கேட்காமல் தடையோடு நின்றுவிட்டால், அடுத்த திருவிழாவில் அதே சாயம் வேறொரு பண்டத்தில் வந்து நிற்கும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவுகிறது. பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான கட்டுரை அது. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில், நல்ல பொருளுக்கும் மோசமான பொருளுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். நல்ல பொருளைத் தருபவருக்குச் செலவு அதிகம். ஆகவே அவர் மெல்லச் சந்தையிலிருந்து விலகுவார். தெருமுனை இட்லிக்கடைக்காரருக்கு நாளையும் நம் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற அச்சம் உண்டு. திருவிழாக் கடைக்காரர் மறுநாள் வேறு ஊரில் இருப்பார். ஆக, மறுமுறை வாங்குவது என்ற இயற்கையான காவல் இந்தச் சந்தையில் இல்லை. அந்தக் காவலின் இடத்தைத்தான் அரசு நிரப்ப வேண்டும்.

இந்தியச் சட்டம் அனுமதிக்கும் செயற்கை உணவு நிறங்கள் 8 மட்டுமே. இனிப்புகளில் அவையும் பத்து லட்சம் பங்கில் 100 பங்கைத் தாண்டக்கூடாது. எண்ணெய்க்கும் வரம்பு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துத் தருவதையும் 2018ஆம் ஆண்டின் பொதியல் விதிகள் தடுக்கின்றன. விதிகளுக்குக் குறைவில்லை. அவற்றை ஓர் ஊரில் மூன்று நாள் மட்டும் நிற்கும் வாணலிவரை கொண்டுசெல்லும் வழிதான் குறைவு.

தடைக்குப் பின் வந்த ஒரு தேரில், என் பேத்தி வெள்ளைப் பஞ்சு மிட்டாயைப் பார்த்து, “தாத்தா, இதுல ரோஸ் கலர் இல்லையா?” என்று கேட்டாள். விற்ற வடநாட்டு இளைஞர் உடைந்த தமிழில், “கலர் வேணாம் பாப்பா, சர்க்கரை மட்டும்” என்றார். அவள் தயங்கி வாங்கி, வாயில் வைத்ததும் சிரித்தாள். சுவையில் ஒரு குறையும் இல்லை. குழந்தையின் கண்ணைப் பழக்க ஒரு திருவிழாவே போதுமானதாக இருந்தது.

கடைக்காரரின் ஒரு நாள்

தரமான எண்ணெயும் அனுமதி பெற்ற நிறமும் செலவைக் கூட்டும். அந்தச் செலவைத் தாங்கும் நிலையில் கடைக்காரர் இருக்கிறாரா? ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, இடத்துக்கான கட்டணம், விளக்கு, இரண்டு உதவியாளர் கூலி என ஒரு நாளின் நிலையான செலவு ரூ.6,000. ஒரு தட்டு பஜ்ஜியின் விலை ரூ.30, மாவு, எண்ணெய், எரிவாயுவுக்கு ரூ.15. முதல் 400 தட்டுகள் விற்கும்வரை அவருக்கு ஒரு ரூபாய்கூட லாபமில்லை. மாலையில் ஒரு மணி நேரம் மழை பெய்தால் அன்றைய நாள் நட்டத்தில் முடியும். நிலையான செலவில் ரூ.1,500 குறைந்தால் 300 தட்டுகளிலேயே முதல் திரும்பிவிடும். பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவதற்கான துணிவு அந்த நூறு தட்டு இடைவெளியில்தான் இருக்கிறது.

முதலுக்கு அவர் நாடுவது பெரும்பாலும் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் ரூ.8,500 கொடுப்பார்கள், நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால், இது ஆண்டுக்கு 120 சதவீத வட்டி. 2020இல் மத்திய அரசு தொடங்கிய சாலையோர வியாபாரிகள் கடன் திட்டம் முதல் தவணையாக ரூ.10,000 வழங்கியது. நகர உள்ளாட்சிகளின் எல்லைக்குள் விற்பவர்களுக்கான திட்டமாக அது அமைந்ததால், ஊர் ஊராகச் சுற்றும் திருவிழா வியாபாரி அதில் எளிதில் பொருந்தவில்லை. 2025இல் அதைக் கணக்கெடுப்பு நகரங்களுக்கும் புறநகர்ப் பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்க முடிவானது நல்ல செய்தி.

அடுத்தது அடிக்காசு. கடைபோடும் இடத்துக்கு அடிக்காசு வசூலிக்கும் உரிமையை ஏலம் விடுவது புதுச்சேரியில் பழகிய முறை. ஏலத்தொகை உயர்ந்தால் பொரி விலை உயரும் என்று பலரும் நினைக்கிறோம். டேவிட் ரிக்கார்டோ 1817இலேயே இதைத் தலைகீழாகப் பார்க்கக் கற்றுத்தந்தார். தானியத்துக்கு நல்ல விலை கிடைப்பதால்தான் நிலத்துக்கு வாடகை உயர்கிறது. தேரடியில் நல்ல விற்பனை நடப்பதால்தான் அந்த இடத்துக்கு அத்தனை மதிப்பு. பக்கத்துக் கடையின் விலையை மீற முடியாத பஜ்ஜிக்காரர் கூடுதல் வாடகையை நம் தலையில் கட்ட முடியாது. அது அவருடைய வருவாயிலிருந்தே போகிறது. ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலையும் வெள்ளரிப்பிஞ்சும் விற்கும் மூதாட்டியால் அதைக் கொடுக்கவே முடியாது. அவர் அடுத்த ஆண்டு வருவதில்லை. கட்டணச் சுமை எவர் மேல் விழுகிறது என்று பார்த்தால், தாங்க இயலாதவர் மேல்தான்.

இதை முறையிடும் இடம் எது? 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு நீண்ட காலமாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளை நிர்வகிப்பவர்கள் அதிகாரிகளே. தேரடியில் எவருக்கு எந்த இடம், என்ன கட்டணம் என்பது ஊர் மன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பேசுவதற்கு உறுப்பினர்தான் இல்லை.

செய்யக்கூடியவை

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. முதலாவதாக, கடையின் அளவுக்கேற்ற அடிக்காசுப் பட்டியலைக் கொடியேற்றத்துக்கு முன்பே அச்சிட்டுத் தேரடியில் ஒட்ட வேண்டும். கூடைக்காரர்களுக்கு முழு விலக்கு வேண்டும். இரண்டாவதாக, 2011இல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு உரிம விதிகள், தற்காலிகக் கடைக்காரர்களையும் சுற்றி விற்பவர்களையும் சிறு உணவு வணிகர்கள் என்றே வகைப்படுத்தி, ஆண்டுக்கு ரூ.100 கட்டணத்தில் பதிவு செய்ய வழிவகுத்தன. அந்தப் பதிவைத் தேரடியிலேயே ஒரு மேசை போட்டுச் செய்து தரலாம். அங்கேயே நிறத்தையும் எண்ணெயையும் சோதித்து, தேறிய கடைக்குத் தேதியிட்ட பச்சை அட்டை ஒன்று கொடுக்கலாம். விற்பவருக்கு மட்டுமே தெரிந்த தரம் வாங்குபவருக்கும் தெரிய வரும். நல்ல எண்ணெய்க்குச் செலவிட்டவருக்கு அதன் பலன் கூட்டமாக வந்து சேரும். அகெர்லாஃப் சொன்ன சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

மூன்றாவதாக, கைகழுவவும் பாத்திரம் கழுவவும் வீதிக்கு இரண்டு குடிநீர்க் குழாய்கள் வேண்டும். நான்காவதாக, 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுக்களில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடத்தை வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. திருவிழாவுக்கு முன் நடக்கும் ஆலோசனைக் கூட்டங்களிலும் அதே கொள்கையில் கடைக்காரர்கள் இருவர் அமர வேண்டும். காவல்துறைக்கும் மின்துறைக்கும் இருக்கும் அக்கறை அவர்களுக்கும் இருக்கும். தேரடியின் நெரிசல் எந்த மூலையில், எந்த நேரத்தில் கூடும் என்பது அவர்களுக்கே நன்கு தெரியும்.

வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு உண்டு. கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தவிர்த்து வெள்ளைப் பஞ்சு மிட்டாயைக் கேட்போம். பஜ்ஜியை வாழையிலையிலோ தொன்னையிலோ கேட்போம். ஓரத்தில் இருக்கும் கூடைக்காரரிடம் ஒரு படி கடலையைப் பேரம் பேசாமல் வாங்குவோம். வாங்குகிறவர் கேட்பதைத்தான் கடைக்காரர் அடுத்த ஊருக்கும் சுமந்து செல்வார். வில்லியனூரில் பழகிய நல்ல வழக்கம் ஆடிக்குள் வீராம்பட்டினத்துக்கும், கார்த்திகைக்குள் திருவண்ணாமலைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.